அட்வான்ஸ்ல கழிச்சுக்குங்க சார்!

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தாண்டித் தெற்கே போனால், காலை ஆறரை மணிக்கு எங்கள் சபை கூடியிருக்கும். ஐந்து பேர். எல்லோரும் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள். எல்லோருக்கும் சொந்த வீடு உண்டு, எல்லோர் வீட்டு மாடியிலோ பின்கட்டிலோ ஒரு குடித்தனமும் உண்டு. சர்க்கரை, பிரஷர், பேரப்பிள்ளைகள் பற்றிப் பேசி முடித்தால் மிச்ச நேரம் முழுக்கக் குடித்தனக்காரர்களைப் பற்றிய புலம்பல்தான்.

போன வாரம் நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார்) கொதித்துப் போய் வந்தார். "மூணு மாசம் பாக்கிப்பா. நாளைக்கு மேல போற தண்ணிய நிறுத்திடப் போறேன். தானா வழிக்கு வருவான்" என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நான் ஆட்டவில்லை. "நீ என்ன, குடித்தனக்காரன் கட்சியா?" என்று என் மேல் பாய்ந்தார். அங்கே வைத்துச் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

நான் குடித்தனக்காரன் கட்சி இல்லை. முத்தியால்பேட்டையில் என் வீடு. கீழ்ப்பகுதி அரசு கொடுத்த வீட்டுக் கடனில் கட்டியது. மாடி 2010-ல் ஓய்வு பெற்றபோது வந்த பணிக்கொடையில் எழுப்பியது. பென்ஷனில் வீடு நடக்கும். மாடி வாடகையில்தான் எங்கள் இருவரின் மாத்திரை மருந்து, வீட்டு வரி, மகள்கள் வந்தால் ஆகிற செலவு எல்லாம். ஐந்தாம் தேதி வர வேண்டிய வாடகை இருபத்தைந்தாம் தேதி வந்தால் மருந்துக் கடையில் நான் கடன் சொல்ல வேண்டும். அந்த வலி தெரிந்தவன்தான் பேசுகிறேன்.

முதலில், கையில் காசு இருந்தும் இழுத்தடிக்கிறவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. 2011-ல் என் மாடிக்கு முதலில் வந்தவர் அப்படிப்பட்டவர். தனியார் நிறுவனத்தில் விற்பனை வேலை. வாடகை 6,000 ரூபாய். முதல் நான்கு மாதம் ஐந்தாம் தேதி காலையில் சிரித்த முகத்தோடு வந்து கொடுத்தார். பிறகு பத்தாம் தேதி ஆயிற்று, பிறகு இருபது, பிறகு "அடுத்த மாசம் ரெண்டையும் சேர்த்துத் தர்றேன் சார்" ஆயிற்று. இதற்கு நடுவில் புது பைக் வந்தது. பெரிய டிவி வந்தது. பைக்குக்கான தவணையை வங்கி மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும், தவறினால் அபராதம் போடும். சீட்டுக்காரர் ஆள் அனுப்புவார். கேபிள்காரர் இணைப்பைத் துண்டிப்பார். வீட்டுக்காரக் கிழவர் மட்டும் ஒன்றும் செய்ய மாட்டார், மாடிப்படி அடியில் நின்று தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான். ஆகவே வரிசையில் நான் கடைசி. அவருக்குப் பணமுடை ஒன்றுமில்லை, கணக்குத்தான். "வீட்டுக்காரருக்கென்ன, பென்ஷன் வருது" என்று அவர் மனைவி தெருவில் சொன்னது என் மனைவியின் காதில் விழுந்தது. பென்ஷன் என்ன, வானத்தில் இருந்தா விழுகிறது? முப்பத்தொன்பது வருஷம் கோப்பு கட்டியதற்கான கூலி அது.

காலையில் ஏழு மணிக்குமுன் பைக்கைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போய் அங்கே ஸ்டார்ட் செய்வார், சத்தம் எனக்குக் கேட்கக் கூடாதாம். ஒருநாள் வழியிலேயே நின்று பிடித்துவிட்டேன். கொஞ்சமும் பதறாமல் சொன்னார்: "அதான் அறுபதாயிரம் அட்வான்ஸ் இருக்கே, அதுல கழிச்சுக்குங்க சார்."

சரி, காலி பண்ணுங்க என்றேன். "மிச்ச அட்வான்ஸை எடுத்து வைங்க, ஞாயித்துக்கிழமையே காலி பண்றேன்" என்றார். எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. அந்த அறுபதாயிரம் என்னிடம் இல்லை. அவர் கொடுத்த மாதமே என் இளைய மகள் கல்யாணத்தில், சீர்ப் பாத்திரத்தில் கரைந்து போயிருந்தது.

அவர் மேலும் நான்கு மாதம் இருந்தார். மொத்தம் ஏழு மாத பாக்கி, 42,000. அதைக் கழித்தால் நான் அவருக்கு 18,000 தர வேண்டும். என் மனைவியின் ஒரு ஜோடி வளையலை அடகு வைத்து, வாடகை தராதவருக்கு நான் பணம் எண்ணிக் கொடுத்து வழியனுப்பினேன். சபையில் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்போது நானும் சிரித்தேன். அதில் இருந்த பாடம் எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் அடுத்து வந்தவரிடமும் பத்து மாத அட்வான்ஸ்தான் வாங்கினேன். வாடகை 7,000, அட்வான்ஸ் 70,000. அதில் வளையலை மீட்டேன், மாடிக்கு வெள்ளையடித்தேன், மிச்சத்தில் கண் புரை ஆபரேஷன் செய்துகொண்டேன்.

இரண்டாவதாக வந்தவர் அரசு சார்ந்த ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன், ஒரு வயதான அம்மா. இரண்டு வருஷம் மணி அடித்த மாதிரி வாடகை வந்தது. பிறகு நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். முதலாமவரைப் போல இவரும் ஒளிகிறார் என்று நான் முடிவு கட்டினேன். எட்டு மாதம் ஆனதும் சபையில் யோசனை கேட்டேன். அதே யோசனைதான்: "தண்ணிய நிறுத்து."

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மாடிக்குப் போகிற குழாயின் வால்வை மூடினேன். மூடிவிட்டு உள்ளே வந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பின்பக்கம் ஏதோ சத்தம். என் மனைவி, அறுபதைத் தாண்டியவள், இரண்டு முழங்காலிலும் வலி உள்ளவள், இடுப்பில் குடத்தோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். பதினெட்டுப் படி. "என்ன பண்றே நீ?" என்று கத்தினேன். "மேல ஒரு பெரியம்மா இருக்காங்க. அவங்க என்னங்க பாவம் பண்ணாங்க?" என்றாள். அதற்குமேல் அன்று ராத்திரி என்னிடம் பேசவில்லை.

விடியற்காலை எழுந்து வால்வைத் திறந்தேன். ஏழு மணிக்கு அவர் இறங்கி வந்தார். சண்டை போடத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையில் வங்கிப் புத்தகம். பிரித்து என் முன்னால் வைத்தார். எட்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை. "எனக்குச் சம்பளம் குடுக்க வேண்டியது அரசாங்கம் சார். உங்களுக்குப் பென்ஷன் குடுக்கிறதும் அதே அரசாங்கந்தான். உங்களுக்கு ஒழுங்கா வருது, எனக்கு வரல. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். குரல் உயரவே இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலைக்குப் போய் வந்த குடும்பம் ஒன்றாவது நம் ஒவ்வொருவர் உறவிலும் உண்டு.

அன்று அவர் போனபின் கணக்கு எழுதிப் பார்த்தேன், எழுத்தர் புத்தி போகுமா? எட்டு மாத பாக்கி 56,000. என்னிடம் அவர் கொடுத்து வைத்தது 70,000. அதாவது அந்த எட்டு மாத வாடகையையும், அதற்குமேல் இரண்டு மாத வாடகையையும், அவர் வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே வாங்கி நான் செலவழித்திருக்கிறேன். வட்டி இல்லாமல் என் கண்ணை ஆபரேஷன் செய்து கொடுத்த மனிதருடைய தண்ணீரைத்தான் வாடகை தரவில்லை என்று நிறுத்தினேன்.

நண்பர்களே, என் கட்சி இதுதான். தாமதமாக வாடகை தரும் பழக்கத்தைக் குடித்தனக்காரர்களுக்குக் கற்றுக் கொடுத்ததே பத்து மாத அட்வான்ஸ் வாங்கும் நாம்தான். அதைப் பாதுகாப்பு என்கிறோம். யாருக்கு? பாதுகாப்புப் பணம் என்றால் பெட்டியில் இருக்க வேண்டும், அல்லது வங்கியில் வைப்பாக இருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அப்படி வைத்திருக்கிறோம்? அது கைமாற்று. போக்கியத்துக்கு வீடு விடுகிறவராவது மாத வாடகை கேட்பதில்லை. நாம் பாதி போக்கியமும் வாங்குகிறோம், முழு வாடகையும் கேட்கிறோம். அந்தப் பணத்தைத் தின்றுவிட்டதால் மோசமான குடித்தனக்காரரை வெளியே அனுப்பவும் முடிவதில்லை. நல்ல குடித்தனக்காரருக்குக் கஷ்டம் வரும்போது பொறுக்கவும் முடிவதில்லை. அவர் பக்கம் பாருங்கள்: வீட்டுக்காரரிடம் பத்து மாத வாடகை கிடக்கிறது என்கிற தெம்பு இருப்பவர் ஐந்தாம் தேதியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

"அட்வான்ஸ் குறைச்சா ராத்திரியோட ராத்திரியா ஓடிடுவான்" என்பது சபையின் வாதம். ஓடிப் போனவரால் எங்கள் ஐவரில் யாருக்காவது நஷ்டம் வந்திருக்கிறதா என்று கேட்டேன். ஒருவருக்கும் இல்லை. நம் நஷ்டமெல்லாம் ஓடாமல் இருந்தவர்களால்தான்.

இரண்டாவது குற்றமும் நம்முடையது. நாம் ரசீது கொடுப்பதில்லை. இதை நினைக்கும்போது எனக்கு என் பிள்ளைப் பருவம் நினைவுக்கு வரும். அப்பாவுக்குப் பஞ்சாலையில் நெசவுப் பிரிவில் வேலை. உருளையன்பேட்டையில் ஒரு பின்கட்டில் நாங்கள் குடித்தனம். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து, சைகோன் வரை போய்த் திரும்பிய சொல்தா. மாதத் தொடக்கத்தில் திண்ணையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவார். வாடகையை வாங்கியதும் 'கித்தான்ஸ்' எழுதிக் கொடுப்பார், வாடகை ரசீதுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். அம்மாவுக்குப் பிரெஞ்சு ஓர் எழுத்துத் தெரியாது, ஆனால் "கித்தான்ஸ் வாங்கிட்டு வந்தியா?" என்று கேட்பாள். அதை உரக்கப் படித்துத் தமிழில் சொல்வது பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த என் வேலை.

ஆலையில் வேலை இல்லாத மாதங்களும் வந்தன. அப்பா பாதிப் பணத்தோடு போவார். சொல்தாக்காரர் ஒரு சொல் சொல்ல மாட்டார், முகத்தையும் சுளிக்க மாட்டார். ஆனால் தள்ளுபடியும் செய்ய மாட்டார். இவ்வளவு வந்தது, இவ்வளவு பாக்கி என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்தக் காகிதங்களை அம்மா ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். வேலை வந்ததும் முதலில் அந்தப் பெட்டிதான் திறக்கும். கடன் எழுத்தில் இருந்ததால் அப்பா அவர் எதிரே நிமிர்ந்து நடந்தார் என்று இப்போது தோன்றுகிறது. எழுத்தில் இல்லாத பாக்கிதான் மனிதனைத் தலைகுனிந்து நடக்க வைக்கிறது, அல்லது பைக்கைத் தெருமுனை வரை தள்ளிக்கொண்டு போக வைக்கிறது.

நாம் ஏன் ரசீது எழுதுவதில்லை? உண்மையைச் சொல்வோம். வருமான வரிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். மாதம் 7,000 என்றால் வருஷத்துக்கு 84,000. அதில் பராமரிப்புக்கென்று சட்டமே முப்பது சதவீதம் கழித்துவிடுகிறது. கணக்கில் சேர்வது 58,800. இதை மறைக்கத்தான் ரொக்கமாகக் கொடு என்கிறோம், ரசீது கேட்டால் "நம்ப மாட்டியா?" என்று கோபப்படுகிறோம். பிறகு ஒருநாள் வழக்கு என்று போனால் எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்பதற்கு நம் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. முப்பத்தொன்பது வருஷம் ஒரு காகிதம் இல்லாமல் கோப்பை நகர்த்தாதவன், சொந்த வீட்டை மட்டும் வாய்வார்த்தையில் நடத்தினேன்.

சட்டம் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. நம் ஊருக்கு 1969-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டின் 1960 சட்டத்தை ஒட்டியது. பாக்கி வைத்தவர் வேண்டுமென்றே வைத்தாரா என்பதுதான் அதில் முக்கியக் கேள்வி. 1985-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்குகளில் இந்தச் சொல்லுக்கு விளக்கம் சொன்னது: விளைவு தெரிந்து, மனதறிந்து, கணக்குப் போட்டுத் தவறுவதுதான் வேண்டுமென்றே தவறுவது. என் முதல் குடித்தனக்காரரை நேரில் பார்த்துவிட்டு எழுதினார்களோ என்று நினைத்தேன். இரண்டாமவர் அதில் வரவே மாட்டார். ஆனால் நான் இரண்டு பேரையும் ஒரே தராசில்தான் நிறுத்தேன். தண்ணீரை நிறுத்தும் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் எனக்குக் கிடையாது.

பிரான்சில் இருக்கும் என் மைத்துனர் வந்தால் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அங்கே வெறும் வீட்டை, அதாவது சாமான் இல்லாமல் வாடகைக்கு விட்டால், ஒரு மாத வாடகைக்குமேல் முன்பணம் வாங்கக் கூடாது. குடித்தனக்காரர் கேட்டால் கித்தான்ஸ் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். பாதிப் பணம் தந்தாலும் அதற்கு ஒரு ரசீது உண்டு, என் சொல்தாக்காரர் செய்தது போலவே. நாங்கள் படித்த கோது சிவிலில், 1728-ஆம் பிரிவில், குடியிருப்பவரின் இரண்டு கடமைகள் இருக்கும். நல்ல குடும்பத் தலைவனைப் போல வீட்டைப் பார்த்துக்கொள்வது ஒன்று, பேசிய தவணைப்படி வாடகை கட்டுவது இன்னொன்று. (2014-ல் அந்தக் குடும்பத் தலைவனை எடுத்துவிட்டு 'நியாயமாக' என்று மாற்றிவிட்டார்களாம். எனக்கு என்னவோ பழைய சொல்தான் பிடித்திருந்தது.) குளிர்காலத்தில், நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, பாக்கி இருந்தாலும் குடும்பத்தை வீட்டை விட்டு வெளியேற்ற முடியாது. 1954 குளிரில் வீடில்லாமல் செத்தவர்களுக்காக அபே பியேர் என்ற பாதிரியார் வானொலியில் கதறினார். அடுத்த இரண்டு வருஷத்தில், 1956-ல், அந்தச் சட்டம் வந்தது. நவம்பர் 1 நமக்கு விடுதலை நாள். அங்கே வாடகை பாக்கிக்காரருக்கு விடுதலை நாள் என்று மைத்துனர் கிண்டல் செய்வார். பாக்கி அப்படியேதான் இருக்கும், வழக்கும் நடக்கும், தெருவில் மட்டும் தள்ள மாட்டார்கள். அங்கேயும் வீட்டுக்காரர்கள் புலம்பத்தான் செய்கிறார்கள். நான் வெள்ளைக்காரன் நாடு சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. இங்கேயும் 2021-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத அட்வான்ஸ் போதும் என்றுதான் சொல்கிறது.

நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அந்த வாரமே அவரை உட்கார வைத்து இரண்டு பேரும் காகிதத்தில் எழுதினோம். 70,000-ல் 56,000 கழித்தாயிற்று, மிச்சம் 14,000 முன்பணம், அதாவது இரண்டு மாதம். இருவர் கையெழுத்து. ஆம், அட்வான்ஸில்தான் கழித்துக்கொண்டேன், இந்த முறை நானாகச் சொல்லி. அதற்கப்புறமும் ஐந்து மாதம் அவருக்குச் சம்பளம் வரவில்லை. அவர் மனைவி தையல் வேலைக்குப் போனார். மாதம் மூவாயிரம், சில மாதம் இரண்டாயிரம் கொண்டுவந்து கொடுத்தார். ரசீதில் வந்தது இவ்வளவு, பாக்கி இவ்வளவு என்று எழுதினேன். எனக்கும் கஷ்டம்தான், மருந்துக் கடையில் இரண்டு தடவை கடன் சொன்னேன். நிலுவைச் சம்பளம் கொஞ்சம் வந்த அன்று சாயங்காலமே அவர் எல்லா ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்து கூட்டிக் காட்டினார். என் கணக்கில் ஐந்நூறு ரூபாய் தவறு இருந்தது, எனக்குச் சாதகமாக!

இன்றும் அவர்தான் மாடியில் இருக்கிறார். வாடகை 9,000. ஐந்தாம் தேதி தாண்டினால் ஆறாம் தேதி நானே படியேறிப் போய்க் கேட்பேன். போனில் கேட்பதில்லை, மனைவியை விட்டுக் கேட்கச் சொல்வதில்லை, தொண்டையைக் கனைப்பதும் இல்லை. முடியுமா, முடியாதா, எந்தத் தேதி? அவ்வளவுதான் கேள்வி. இதற்கு நேராகப் பதில் சொல்லாத குடித்தனக்காரர் வந்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன், அதிலும் எனக்குத் தயக்கம் கிடையாது. கையில் இரண்டு மாத முன்பணம்தான், அதுவும் தபால் நிலையக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. யாரிடமும் நான் அகப்பட்டுக்கொண்டிருக்கவில்லை.

இதையெல்லாம் நேற்றுக் காலை அந்த நண்பரிடம் ஒருவழியாகச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கேட்டார். "சரிப்பா, தண்ணிய நிறுத்தல. நீயே ஒரு நோட்டீஸ் எழுதிக் குடு, உனக்குத்தான் டிராஃப்ட் நல்லா வருமே" என்றார். எழுதித் தருகிறேன், காலி பண்ணச் சொன்னால் அவர் அட்வான்ஸைக் கேட்பாரே, அதைத் தயாராக வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"எவ்வளவு வாங்கின?"

"எண்பது."

"எங்க இருக்கு?"

நண்பர் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வா, டீ குடிக்கலாம்."